தொப்புளுக்குள் மறைந்த தழும்பு

சியூ ஃபன்னுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். இப்போது சிறுநீரகமும் போய்விட்டது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஹாங்காங்கில் இதொன்றும் புதிதில்லை, அவர்கள் குடியிருப்பில் பல வீடுகளில் மருந்துநீர்ப் பெட்டிகள் கூரைவரை நின்றன. புருஷன் பிங் சியோங், மினிபஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷன், பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று சாப்பாட்டு மேசையையே தூக்கிப் போட்டுவிட்டார்.

"இனிமே கிண்ணத்த மடியில வச்சுத் தின்னுக்கலாம், விடு" என்றார்.

டாக்டர் யிப் இளம்பெண். பொறுமையாகத்தான் விளக்கினார். "முழு மயக்கம் கொடுத்தா உங்க இதயம் தாங்காதும்மா. அதனால மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, தொப்புளுக்குக் கீழ சின்ன ஓட்ட வழியா குழாய விட்டுடுவேன். ஆனா முன்னாடி ஆபரேஷன் நடந்த வயிறுன்னா உள்ள குடல் ஒட்டிக்கிட்டிருக்கலாம். அப்ப இப்படிச் செய்யக் கூடாது, ஸ்கேன்ல பாத்து குடல் ஒட்டாத இடமாப் பாத்துத்தான் வைக்கணும். எப்பவாவது நடந்திருக்கா?"

"இவ வயித்துலயா? கொசு கடிச்ச தடம்கூடக் கிடையாது டாக்டர். நான் பாக்காத வயிறா?" என்று பிங் சியோங் முந்திக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

சியூ ஃபன் சிரிக்கவில்லை. ரெண்டாவது பெண் பிறந்தபின், ஆண்பிள்ளை வேண்டுமென்று இவர் உயிரை எடுத்த காலத்தில், ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு தனியார் கிளினிக்கில் போய்க் கருத்தடை செய்துகொண்டவள் அவள். தொப்புள் வழியாகவே குழாய் விட்டுச் செய்தார்கள். வெளியே தழும்பே தெரியவில்லை. உள்ளே சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்ததை வயிற்றுக் கடுப்பென்று சொல்லிச் சமாளித்தாள். இந்த மனுஷனோ குறை தன்னிடம்தான் என்று வருஷக்கணக்கில் கசப்பு மருந்து குடித்தார். பாவி, அதையும் அவளே காய்ச்சிக் கொடுத்தாள்.

எத்தனையோ வருஷமாகிவிட்டது, அத்துணூண்டு ஓட்டை, இப்போது என்ன ஆகிவிடப் போகிறது?

"இல்ல டாக்டர்" என்றாள்.

குழாய் வைத்த அன்று ஊசி, உள்ளே ஒட்டிக்கிடந்த குடலுக்குள் போனது. குழாயில் கலங்கிய பழுப்பு நீர் வந்ததும் டாக்டர் யிப்பின் கை அப்படியே நின்றது. வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்களில் ஒரு சாரார். மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே இதயம் நின்றுவிடும் என்றார்கள் இன்னொரு சாரார். கடைசியில் இரு சாராரும் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதென்பதால் பிங் சியோங் ஈரப்பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கத்துக்குட்டி கையில கொண்டுபோய்க் கொடுத்தேனே உன்ன. புகார் எழுதி அவ வேலைய ஒழிக்கல, நான் மனுஷனே இல்ல."

"அவள ஒண்ணும் செய்யாத. தப்பு எம்மேல" என்றாள் சியூ ஃபன். பிறகு மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பஞ்சை நனைத்துப் பிழிந்து மறுபடி அவள் உதட்டைத் துடைத்தார்.

"அப்ப குறை எங்கிட்ட இல்லையா?"

"இல்ல."

"ஒரு வார்த்த டாக்டர்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா நீ பொழைச்சிருப்பியேடி. எங்கிட்ட அவ்வளவு பயமா?"

"ஆமா" என்றாள் அவள்.