பெட்டியில்லாத கிராபிக்ஸ் கார்ட்

தம்பி நிரூபன் கொப்பித் தாளில் மூன்று சாமான்களை எழுதித் தந்தான்: ராம், கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை. ராமை மட்டும் கூட்டினால் கேம் கெதியாகத் திறக்கும், ஆனால் ஒழுங்காக ஓடாது. கார்ட் போட்டால் ஓடும், ஆனால் பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் மூன்று தரம் விளங்கப்படுத்தினான். களனியில் படித்து எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் எடுத்தவள் நான். அந்தக் கம்பியூட்டர் என் இறுதியாண்டு ஆய்வுக்காக வாங்கியது. இப்போது அதில் அவன் காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறான். வெடிச்சத்தம் வெள்ளவத்தை ஒழுங்கைக்குக் கேட்கக்கூடாதென்று அம்மா அவன் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டிருக்கிறா.

2007 தையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பிளேனில் வந்தவன். வந்த கையோடு, இங்கே தங்கும் தமிழர் வீடு வீடாகக் கொடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெடியனை ஸ்டேஷனுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று அம்மா பயந்தா. அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ஆறு மாதம் பிந்தியதற்கே காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. தாளில் அம்மாவும் நானும் மட்டும்தான். இவன் வீட்டில் இருக்கிறான், கணக்கில் இல்லை. கேம் இழுத்து இழுத்து நின்றால் ஒழுங்கை முனையிலிருக்கும் கேம் கடைக்குப் போகப்போகிறேன் என்று சேர்ட்டை மாட்டுகிறான். போன கிழமை அந்தக் கடையிலிருந்துதான் இரண்டு பெடியங்களைப் பொலிஸ்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அவன் கேட்டதை வாங்கிக் குடு பிள்ளை," என்றா அம்மா. "உனக்கென்ன, நீ பொம்பிளைப்பிள்ளை. செக்பொயின்றில உன்னை விட்டிடுவாங்கள்."

இந்த வசனத்தைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பாண் வாங்க, மருந்து வாங்க, காஸ் சிலிண்டருக்குச் சொல்ல, எல்லாவற்றுக்கும் விட்டுவிடுவார்கள் என்று என்னைத்தான் அனுப்புவது. ஒருநாள் விடாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அது இன்னும் மோசம்.

பம்பலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் மக்கீன் நானா கார்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டி முழுக்க ஒரே படம்: இரும்புத்தொப்பி போட்ட ஒருவன், என் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டிக்கொண்டு. பாலத்தடிச் செக்பொயின்றை இதைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படித் தாண்டுவது என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைக் கழற்றி அப்பால் வைத்தார். உள்ளே விசிறி பூட்டிய ஒரு சேர்க்கிட் தட்டு. பக்கத்தில் பவர் சப்ளை: இரும்புப் பெட்டியிலிருந்து சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கட்டு வயர்.

"இதுக்கு அந்தத் துவக்குக்காரனே பரவாயில்ல போல ஈக்கிது," என்றார். பிறகு சிரிக்காமல், "ராம மட்டும் எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. பேர்சுக்குள்ள போட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"அதை மட்டும் போட்டால் கேம் ஓடுமோ?"

"ஓடாது. ஆனா ஒங்களப் புடிக்க மாட்டாங்க."

இந்த ஊரில் எதை வாங்குவது என்று நாங்கள் இப்படித்தான் தீர்மானிக்கிறோம். எது நன்றாக வேலை செய்யும் என்றல்ல, எது குண்டுபோலத் தெரியாது என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்றையும் கட்டச் சொன்னேன். சிங்களத்தில் பில் எழுதுவித்தேன்.

பாலத்தடியில் நின்ற ஆமிக்காரனுக்கு நிரூபனின் வயதுதான் இருக்கும், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பையைத் திறந்தவன் வயரைக் கண்டதும் பின்வாங்கவில்லை. கார்ட்டை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கினான், பழக்கமுள்ளவன் பிடிப்பதுபோல. நல்ல கார்ட் என்று சிங்களத்தில் சொன்னான். பவர் சப்ளையும் சேர்த்து வாங்கியது புத்தி, இல்லாவிட்டால் எரிந்துபோகும் என்றான். சந்தோசமாகச் சொன்னான். ஒழுங்கையில் ஒரு கேம் கடைக்குப் போகப் பயந்து ஒரு வீடே ஒடுங்கிக் கிடக்க, இவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு ஆலோசனை சொல்கிறான்.

"கவுத செல்லம் கரன்னே?" என்று கேட்டான். யார் விளையாடுவது?

என் நாக்கு நுனியில் தம்பி நின்றான்.

"மம," என்றேன். நான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். என்ன கேம் என்றான், சொன்னேன். எத்தனையாவது கட்டம் என்றான். ஐந்து என்றேன், நிரூபன் சாப்பாட்டு மேசையில் புலம்பும் இலக்கம். லீவில் வீட்டுக்குப் போனால் தானும் அதில்தான் மாட்டிக்கொள்வதாகச் சொல்லி, அந்தக் கட்டத்தை எப்படித் தொடங்குவாய் என்று கேட்டான். அதுதான் எனக்கும் தெரியவில்லை என்று பல்லைக் காட்டினேன். அப்படிக் காட்டிய என் வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என் அடையாள அட்டையை வாங்கி, விலாசத்தை முழுதாகக் கொப்பியில் எழுதினான். ஒரு நாளைக்கு வந்து பார்க்கிறேன், எப்படி ஓடுகிறதென்று, என்றான். பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

வீட்டில் நிரூபன் ஆணிகளைக் கழற்றி எல்லாவற்றையும் பூட்டினான். கேம் தடங்கலில்லாமல் ஓடியது. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றா.

"எழும்பு," என்றேன்.

"இப்பதானே அக்கா இருந்தனான்."

"எழும்படா. அஞ்சாம் கட்டத்தை எனக்குக் காட்டித் தா."

சிரிக்கத் தொடங்கியவன், பாலத்தடியில் நடந்ததைச் சொன்னதும் நிறுத்திவிட்டான். கதிரையை விட்டு எழும்பி எனக்குப் பின்னால் நின்றான். என் விரல்களை எடுத்துக் கீபோர்ட்டின் ஒவ்வொரு கட்டையிலும் வைத்தான். இது முன்னுக்குப் போக, இது குனிய. மெதுவா அக்கா.

திரையில் மழை பெய்து ஓய்ந்த ஒரு வீதி. ஓட்டை விழுந்த சுவர், தண்ணீரில் நடுங்கும் வெளிச்சம், எல்லாம் துப்புரவாகத் தெரிந்தன. என்னுடையது என்று சொல்லப்பட்ட இரண்டு கைகள் துவக்கோடு முன்னால் அசைந்தன. வீதி முடிவில் தொப்பி போட்ட ஒருவன் வெளியே வந்து நின்றான். புதுக் கார்ட்டில் அவன் மேலுதட்டில் அரும்பும் மீசைகூடத் தெரிந்தது.