மாமனாருக்குப் புதுத் தண்ணீர்

ஆறடி மீன்தொட்டியைத் தூக்க நான்கு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவதாக வந்தவள், அந்த வீட்டுக்காரன் நான்கு மாதத்துக்கு முன்னால் எவளுக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனானோ, அவள்.

"செருப்ப வெளியவே விட்டுறட்டுமாக்கா?"

"வீட்டுக்காரனையே எடுத்துட்டுப் போயிட்ட. செருப்புக்கு வந்து பர்மிஷன் கேக்குறியா? உள்ள வா."

பீரோவும் ஃபிரிட்ஜும் தூக்கிப் பழகிய மேஸ்திரி, வராத இருமலை இருமிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"அவர் ஏன் வரல?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல மீட்டிங்காம்."

"ஞாயித்துக்கிழமையா? நல்லா நம்பு."

பிரிந்துபோனபோது அவன் கட்டிலைக் கேட்கவில்லை, பீரோவைக் கேட்கவில்லை. தொட்டியும் மீன்களும் மட்டும் வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் கிளினிக்கை மூடியபோது அவரிடம் பழசாக வாங்கிய தொட்டி அது. வாங்கியது அவன். தண்ணீர் மாற்றியது, பாசி சுரண்டியது, காய்ச்சல் நாளிலும் எழுந்து தீனி போட்டது எல்லாம் அவள். விருந்தாளி வந்தால் விளக்கைப் போட்டு, "என் மீனுங்க" என்று காட்டுவது அவன்.

மொத்தம் ஒன்பது மீன்கள். அதில் மூத்தது ஆஸ்கர் ஜாதியில் ஒரு பெரிய மீன். கீழுதடு துருத்தி, வயிறு தள்ளி, தீனி ஐந்து நிமிஷம் தாமதமானால் வந்து கண்ணாடியில் முட்டும். அதற்கு அவள் வைத்த பெயர் மாமனார்.

"ஏன்க்கா அப்படி ஒரு பேரு?"

"மூஞ்சியப் பாரு, தெரியும். நிஜ மாமனாரை இனிமே நீதான் பார்க்கப்போற. ரெண்டும் அச்சு அசல். இதுக்குக் கொஞ்சம் இரக்கம் ஜாஸ்தி."

சின்னவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணுகூடச் சாகக்கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா. சாதாரணமாச் சொல்லல."

"செத்தா?"

சின்னவள் முழித்தாள். அந்த முழியை மனைவிக்கு அடையாளம் தெரிந்தது. தலை வாரும்போது ஒன்பது வருடம் கண்ணாடியில் பார்த்த முழி.

மீன்களை வாளிகளுக்கு மாற்றினார்கள். குழாய் போட்டுத் தொட்டியை வடித்தார்கள். அதன்பிறகு மனைவி வடிகட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நான்கு பஞ்சுகளையும் வெளியே எடுத்தாள். பழுப்பேறி, சேறு பிடித்துப்போய் இருந்தன.

"இந்த அழுக்குதான் மீனுக்கு உயிர். மீன் விடுற விஷத்த இதுல இருக்குற கிருமிதான் தின்னு தீர்க்குது. தொட்டித் தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சா போதும், சோப்ப மட்டும் காட்டிறாதீங்க" என்று அன்றைக்குப் பல் டாக்டர் சொன்னதை ஒன்பது வருடமாக அவள் மறந்ததில்லை. இன்றும் மறக்கவில்லை.

சோப்புத்தூளைக் கொட்டினாள். பிரஷ் போட்டுத் தேய்த்தாள்.

"அக்கா, குடுங்க, நானும் தேய்க்கிறேன்."

"தேய். கூழாங்கல்லையும் விடாத. ஊரான் வீட்டுக்கு அழுக்கா அனுப்பிட்டான்னு என் பேரு கெடக்கூடாது."

"எவ்வளவு சுத்தம்க்கா நீங்க! அவரும் சொல்லுவாரு."

"என்னைப் பத்தி அங்க வேற பேசுறாரா?"

"தினமும்" என்றாள் சின்னவள், பஞ்சைப் பிழிந்தபடி. "அவ கையில ஒரு மீன்கூடச் செத்ததில்லம்பாரு."

மேஸ்திரி தயங்கித் தயங்கிக் குறுக்கே வந்தார். "அம்மா, எனக்கு ரொம்பத் தெரியாது. பழைய தண்ணி கொஞ்சம் டிரம்ல பிடிச்சிட்டுப் போனா மீனுக்கு நல்லதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன்..."

"தொட்டி தூக்க வந்தீங்களா, டியூஷன் எடுக்க வந்தீங்களா? அங்க போய் நேராக் குழாய்த் தண்ணியப் பிடிச்சு நிரப்புங்க. புதுக் குடித்தனத்துக்குப் புதுத் தண்ணி."

போர்வை சுற்றி, மூலைக்கொருவராகத் தூக்கினார்கள். "சாய்க்காத! உன் பக்கம் சாயுது! மாப்பிள்ளை ஊர்வலமா போறே, சீக்கிரம் நட!" என்று மேஸ்திரி கத்திக் கத்தி, கதவு நிலையில் ஒரு கீறல் விழாமல் தொட்டி வண்டி ஏறியது. சின்னவள் மாமனார் இருந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் போன் வந்தது.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குக்கா! அவருக்கு வாயெல்லாம் பல்லு."

"சந்தோஷம். தீனி நல்லாப் போடு. இடம் மாறின மீனுக்குப் பசிக்கும்."

செவ்வாய்க்கிழமை.

"அக்கா, தண்ணி பால் மாதிரி வெளுத்துக் கிடக்கு. எல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது."

"அழுக்கு சேர்ந்திருக்கும். பஞ்ச இன்னொரு தடவை சோப்பு போட்டு அலசு. தண்ணிய மொத்தமா மாத்திடு."

"மொத்தமாவா?"

"நான் வளத்தவளா, நீ வளத்தவளா?"

வியாழக்கிழமை எட்டு மீன்கள் மிதந்தன. போனில் "எட்டுக்கா" என்றாள் சின்னவள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"மாமனார்?"

"அடியில படுத்துக் கிடக்குதுக்கா. அதுவும் போச்சுன்னா நீயும் வெளிய போன்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் வந்து பார்ப்பாரு. எங்க போவேன்? எங்க வீட்டுல என்னை எப்பவோ தலைமுழுகிட்டாங்க."

"சரி. வாளியில போட்டு இங்க எடுத்துட்டு வா."

அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாமனார் ஒருக்களித்து, செவுளை எப்போதாவது அசைத்துக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் பெரிய தொட்டிபோல் ஒரு பிளாஸ்டிக் டப்பு. அதில் முதல் நாளே பிடித்து, குளோரின் போக ஆறவிட்ட தண்ணீர். மனைவி ஒரு கை உப்பு போட்டுக் கலக்கினாள். மீனை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே விட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி குந்தியிருந்தாள். கால் மரத்துப்போனது. எழுந்திருக்கவில்லை.

மதியம் தாண்டி மாமனார் நிமிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டப்பை ஒரு சுற்று சுற்றி வந்தது.

சின்னவள் அழுதுகொண்டே கைதட்டினாள். பிறகு அழுகை நின்றது. தண்ணீரையே பார்த்தாள்.

"இதுல பஞ்சு இல்ல, சோப்பு போடல. மருந்துகூட இல்ல."

"இல்ல."

"அப்போ... கழுவக் கழுவத்தான் செத்துச்சா?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்பது வருஷம் வளத்தவளுக்குத் தெரியாதா?"

சின்னவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அவர்கிட்டச் சொல்லுவேன்."

"போய்ச் சொல்லு. அவ கையில ஒண்ணுகூடச் செத்ததில்லம்பாருன்னு நீதானே சொன்னே? உன் கையில நாலு நாள்ல எட்டு. யாரை நம்புவாருன்னு பாரு."

"அவர் திரும்பி உங்ககிட்டயே வந்துடுவாருன்னுதானே இதெல்லாம் பண்ணீங்க?"

மனைவி அந்த வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்தாளா? வேணவே வேணாம்மா. நீயே வெச்சுக்க. வெளிய போன்னு கத்துவாரு, வாசல்ல நிக்கவைப்பாரு, ரெண்டு நாள் கழிச்சு உள்ள கூப்பிடுவாரு. நீயும் போவே. அப்படியே ஒன்பது வருஷம் ஓடிடும்."

"மணி நாலாச்சுக்கா. ஆறு மணிக்கு வந்துடுவாரு. உங்க கால்ல விழறேன். மீனக் குடுங்க."

"எந்த மீன?"

"மாமனார..."

"அது செத்துப்போச்சேம்மா. வர்ற வழியில ஆட்டோவுலயே செத்துப்போச்சு. அப்படித்தானே சொல்லப்போற?"

டப்புக்குள் மாமனார் ஓரத்தில் வந்து முட்டியது. பசி. இருவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மனைவி தீனி டப்பாவைத் திறந்தாள். சின்னவள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் குனிந்து, மீன் இல்லாத வாளியை எடுத்தாள்.

"மிச்சத் தண்ணிய வாசல்ல ஊத்தாத. தெருவுல போய் ஊத்து" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.