மடியில் அடங்கிய முயல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் 'தாலாட்டு அக்கா' என்றே பெயர். எப்பேர்ப்பட்ட முரட்டு முயலும் அவள் மடியில் மல்லாத்தியதும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். வயர் ஒட்டி இதயத்துடிப்பு பார்த்த காலத்தில் அவள் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடாது. இப்போது முயலின் தோலுக்கடியிலேயே சின்னக் கருவியொன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். வயர் எதுவும் இல்லாமலே துடிப்பு பக்கத்து அறைக் கணினிக்குப் போய்விடுகிறது. தொடவே வேண்டாம்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சார், நான் ஒருதடவ தூக்குறேன், நீங்க கம்ப்யூட்டர்ல பாருங்க. கொழந்த மாதிரி தூங்கும்" என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெள்ளை முயல் வழக்கம்போல அவள் மடியில் அசையாமல் கிடந்தது. திரும்பி வந்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் நிமிரவில்லை. திரையில் துடிப்புக் கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

"மிஷின்ல ஏதும் கோளாறா சார்?"

"இல்லக்கா." அவர் தயங்கினார். "நீங்க கதவத் திறந்தப்பவே ஏற ஆரம்பிச்சிருச்சு. தூக்குனதும் இன்னும் எகிறிருச்சு. அது தூங்கலக்கா. தப்பிக்க வழியில்லேன்னா அப்படித்தான் செத்த மாதிரி கெடக்கும்."

"இத்தன வருஷமாவா?"

அவள் இரண்டு கைகளையும் மேலங்கியில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

வீட்டில் அம்மா கட்டிலில் கிடந்தாள். பக்கவாதம் வந்து பேச்சும் கைகால்களும் போனதிலிருந்து, சாயங்காலம் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்துவிடுவது இவள் பொறுப்பு. "உன் கை பட்டா அம்மா எவ்ளோ அமைதியா இருக்காங்க!" என்று எதிர்வீட்டுக்காரி மாய்ந்து மாய்ந்து சொல்வாள்.

வெந்நீர் வாளியை வைத்துவிட்டு, பழக்கத்தில் அம்மாவின் தோளுக்கடியில் கைகளை நுழைத்தாள். அம்மா அசையவில்லை. பார்வை மட்டும் கூரையில் போய்க் குத்திட்டு நின்றது.

இவள் கைகளை மெதுவாக வெளியே எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"அம்மா... தூக்கட்டுமாம்மா?"

இதுவரை அவள் கேட்டதே இல்லை.

கூரையிலிருந்த கண்கள் மெல்ல மகளின் முகத்தை நோக்கி இறங்கத் தொடங்கின. வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.