போன வாரத்துச் சண்டைக்கான ஆயுதம்

மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிடும் எங்கள் நாட்டிங்ஹாம் கழகத்தில் ஒரே சட்டம்தான்: பொம்மையின் கையில் எந்த ஆயுதம் இருக்கிறதோ, அதுதான் கணக்கு. மகா தளபதி ராட்னிக்கு அந்தச் சட்டமே எமன். குதிரைப்படையிடம் தோற்றால், வீட்டுக்குப் போய்த் தன் காலாட்படையின் வாள்களை வெட்டிவிட்டு ஈட்டிகளை ஒட்டுவார். அடுத்த வாரம் எதிரில் வில்லாளிகள் வந்து நிற்பார்கள். உடனே ஈட்டியைப் பிடுங்கிவிட்டுக் கேடயம் ஒட்டுவார். அதற்கடுத்த வாரம் பூதங்கள் வரும்; கேடயம் போய்க் கோடாரி வரும். முடிந்துபோன சண்டைக்கு இவ்வளவு கச்சிதமாகத் தயாராகும் தளபதியை உலகம் கண்டதில்லை.

நேற்று படையை மேசையில் அடுக்கினார். எதிராளி ஹிலரி தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"யோவ் ராட்னி, என்னய்யா இது? ஒருத்தனுக்கும் கையே காணோம்!"

"வெட்டி வெட்டி ஒட்டினதுல தேஞ்சுபோச்சு. அதான் இந்தத் தடவை கவசத்தை மட்டும் நல்லா கனமா போட்டுவிட்டேன்."

"கையில்லாம எப்படிய்யா சண்டை போடுவானுங்க?"

நான்தான் சமாதானம் செய்தேன். "விடு ஹிலரி. இவர் படைக்கு என்னைக்குமே கால்தானே வேலை செஞ்சிருக்கு."