ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்க

சுமலதாவின் ரத்த ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல் என்று வந்தது. அதற்குப் பிறகு அவள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதமாக வயிறு உப்பிக் கிடந்தது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு ஷிஃப்டுக்குள் நாலைந்து தடவை பாத்ரூமுக்கு ஓடினாள். சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் பிரேக் கம்பெனியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு சிஏ-125 என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் அதில் உண்டு. அதில் அளவு முப்பத்தைந்துக்குள் இருந்தால் பயமில்லை என்றார்கள். அவளுக்கு இருபத்திரண்டுதான் வந்தது.

ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் கணவன் கோவிந்தப்பன் அரைக் கிலோ மைசூர்பாகுடன் வந்தான்.

"பீடை தொலஞ்சுது சுமா. சாப்புடு."

நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவள் அக்கா சென்னம்மாவுக்கு நடந்ததை அவனும் கூட இருந்து பார்த்தவன். ஒரு வருஷம் வெறும் வாயு என்று சொல்லிச் சொல்லியே டானிக் குடிக்க வைத்தார்கள். கண்டுபிடித்தபோது நோய் ஈரல்வரை போயிருந்தது. அந்தக் கோபம் சுமலதாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. மைசூர்பாகை அவள் தொடவில்லை.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் இருந்த டாக்டர் பிரவீனாவிடம் போனாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எல்லாம் நார்மல்தானேம்மா. இது கேஸ். நாப்பத்தாறு வயசாகுது, பீரியட்ஸ் நிக்கிற நேரம் இப்படித்தான் இருக்கும்."

மாத்திரைச் சீட்டு கைக்கு வந்ததும் கோவிந்தப்பன் எழுந்துவிட்டான். சுமலதா எழவில்லை.

"ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க மேடம்."

"எதுக்கும்மா? ரத்தத்துலதான் ஒண்ணும் இல்லையே."

"எந்திரி சுமா. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றான் கோவிந்தப்பன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், பதினெட்டு வருஷமா நான் இன்ஸ்பெக்ஷன்ல இருக்கறேன். ஓட்டை அளவு கேஜுக்குச் சரியா இருந்தா மட்டும் பார்ட்ட பாஸ் பண்ணிட மாட்டோம். விரிசல் இருக்குதான்னு தனியாப் பாப்போம். ஓட்டைய அளக்கற கேஜுக்கு விரிசல் தெரியாதுங்க. அது கேஜோட தப்பு இல்ல. அத மட்டும் நம்பி அந்த பார்ட்ட வண்டிக்கு அனுப்பினா அது என் தப்பு."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. படித்தவர்களுக்கு நம்மிடம் பாடம் கேட்பது அவ்வளவு லேசில் பிடித்துவிடுமா?

"வெளிய டோக்கன் போட்டுட்டு ஜனங்க காத்திருக்காங்கம்மா."

"இருக்கட்டும் மேடம். எங்கக்கா ஒரு வருஷம் காத்திருந்தா."

"அக்காவுக்கு என்ன?"

"சினைப்பையில கேன்சர். போயிட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

டாக்டர் மாத்திரைச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். ஆரம்ப நிலையில் பாதிப் பேருக்கு இந்தப் பரிசோதனை நார்மல் என்றுதான் காட்டும், அதை மட்டும் வைத்துச் சொன்னது தன் பிழை என்று ஒப்புக்கொண்டார். சொன்னவருக்கு மனசு இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஸ்கேனுக்கு எழுதியதோடு, தானே போன் போட்டு அன்றைக்கே நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

வலது சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருந்தது.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. எட்டாம் நாள் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அங்கிருந்த பெரிய டாக்டர் தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார். புற்றுநோய்தான். ஆனால் சினைப்பையை விட்டு வெளியே எங்கும் போகவில்லை. கீமோ கொஞ்சம் தேவைப்படும், பிழைத்துக்கொள்வீர்கள், சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார்.

கோவிந்தப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். சுமலதாவுக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

"அப்படின்னா, எங்கக்காவுக்கும் அப்பவே பாத்திருந்தா பொழச்சிருப்பா இல்லீங்களா சார்?"

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்று, சுமலதா அதையே கன்னடத்தில் மறுபடியும் கேட்டாள்.