மாதங்கியின் பலவீனம்

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் இருக்கும் எங்கள் டிஸ்பென்சரி, சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கானது. அங்கே டோக்கன் கொடுக்கும் வழக்கம் நிஜாம் காலத்தில் ஆரம்பித்தது. அன்றைக்கு டோக்கன் வாங்கின ஒருவர் இன்னும் ஜன்னலோர பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜுரம் என்னவோ தானாகவே போய்விட்டது. வாங்கின டோக்கனை வீணாக்கக் கூடாதென்று காத்திருக்கிறார். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். காலையில் சீக்கிரம் வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் பக்கத்தில் இடம் கிடைக்காது.

இப்படிப்பட்ட இடத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போவானேன் என்று எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். மாடிக்கு ஒன்றாக மூன்று குடும்பம்: நாங்கள், ஆண்டனி வீடு, வெங்கடராமன் வீடு. மூன்று பேரும் ஒரே பாதுகாப்புத் துறை லேபில் குப்பை கொட்டியவர்கள். மாதத்துக்கு ஒருவர் எல்லார் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, மூன்று வீட்டுக்கும் மாத்திரை வாங்கி வர வேண்டும். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் கார்டாகப் போய்ப் பையாகத் திரும்பி வரும். வியாதிக்காரி வீட்டில் குக்கர் வைத்துக்கொண்டிருப்பாள். ஒரு மாதம் ஆண்டனி பைகளை மாற்றிக் கொடுத்துவிட்டான். வெங்கடராமன் மனைவியின் தைராய்டு மாத்திரையை ஒரு வாரம் நான் சாப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கோலம் நன்றாக வந்தது.

டாக்டர் கிருஷ்ணபிரசாத்தும் இதற்குப் பழகிப்போயிருந்தார். புருஷன் முகத்தைப் பார்த்தே பெண்டாட்டியின் பிரஷரைச் சொல்லிவிடுவார். அடுத்த தெருக்காரர் ஒருவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கதோஷத்தில் அவள் கார்டை நீட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார்.

பெண்கள் அங்கே வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை. வழக்கமில்லை, அவ்வளவுதான்.

வெங்கடராமனின் மனைவி மாதங்கிக்கு அறுபது தாண்டியிருந்தது. நான் அளக்கிற கதைகளை முழுசாக உட்கார்ந்து கேட்கிறவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். கேட்பதோடு விடமாட்டாள். "அண்ணா, போன தடவை அந்தப் பாம்பு ஏழடிதானே இருந்தது? அதுக்குள்ள ஒம்பதடியா வளர்ந்துடுத்தா?" என்று கணக்குக் கேட்பாள். நல்லபடியாகச் சாப்பாடு போட்டு வளர்க்கிறேன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அவளுக்கு மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சங்கராந்தி கழிந்து ஒருநாள் காலையில் புடவையில் ரத்தம் பட்டிருந்தது. ஒரு பொட்டளவுதான். இதெல்லாம் பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னது. வெங்கடராமனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, உஷ்ணமாக இருக்கும் என்றிருக்கிறார். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தாள். நின்றுவிட்டது. மறுபடி வந்தது. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

அந்த மாதம் ஆண்டனி முறை. ஆண்டனியிடம் போய் இதை எப்படிச் சொல்லி அனுப்புவது? நல்ல மனுஷன், ஆனால் எதையும் சத்தம் போட்டுத்தான் பேசுவான். அவன் ரகசியம் சொன்னால் பக்கத்து மௌலாலி ஸ்டேஷனில் ரயில் நிற்கும். அடுத்த மாதம் அவள் புருஷன் முறை. அதுவரை பொறுத்தாள். தானே ஓர் ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று தோன்றவில்லையா என்று என் மனைவி பிறகு கேட்டாள். தோன்றவில்லையாம். கார்டு இருக்கிறபோது ஆள் எதற்கு?

வெங்கடராமன் போன அன்றைக்குக் காது அடைப்புக்காக நானும் போயிருந்தேன். அவருக்கு அடுத்த ஆள் நான்தான். டாக்டர் அறைக் கதவு மூடாது. கீல் துருப்பிடித்துப் பல வருஷம். வரிசையின் தலைப்பகுதி எப்போதும் அறைக்குள்தான் நிற்கும். ஒருவருடைய மூலத்தைப் பற்றி இன்னொருவர் அபிப்பிராயம் சொல்வதும் உண்டு. வெங்கடராமன் எல்லார் கார்டுகளையும் வரிசையாக வைத்தார். கடைசியில் மனைவி கார்டை எடுத்து, மிஸஸுக்கு என்று ஆரம்பித்தார். அப்புறம் திரும்பிப் பார்த்தார். அவரோடு ஒரே கேண்டீனில் காலமெல்லாம் டீ குடித்த முகங்கள், காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"கொஞ்சம் வீக்னெஸ்," என்றார்.

டாக்டர் தலை நிமிராமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

அந்த மாத்திரை நன்றாக வேலை செய்தது. அதுதான் வந்த வினை. போகிற ரத்தத்துக்கு வருகிற ரத்தம் ஈடு கட்டியது. மாதங்கி தெளிவாகத்தான் இருந்தாள். அடுத்த மாதம் அதே மாத்திரையை நான் வாங்கி வந்தேன், அதற்கடுத்த மாதம் ஆண்டனி. அவள் பழைய துணிகளைக் கிழித்து வைத்துக்கொண்டாள். எல்லாரும் தூங்குகிற மத்தியான வேளையில் துவைத்தாள். மொட்டை மாடியில் மற்றத் துணிகளுக்கு அடியில் காயப்போட்டாள். துணி போதாமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மகள் சுபாஸ்ரீ ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் இருக்கிறாள். அவள் வீடு இருக்கிற உயரத்தில் காக்காய்க்குச் சாதம் வைத்தால் விமானம்தான் வந்து எடுக்க வேண்டும். அங்கிருந்தபடியே போனில் தட்டி அம்மாவுக்கு மளிகை சாமான் அனுப்புவாள். அந்த வாரம் துவரம்பருப்பு, கொத்துமல்லியோடு அம்மா இன்னொன்றும் கேட்டாள்.

"அம்மா, பேட் யாருக்கு?"

"எனக்குத்தான்டி."

"உனக்கெதுக்கு?"

"பின்ன, உங்கப்பாக்கா?"

சுபாஸ்ரீ சிரிக்கவில்லை. கச்சிபௌலி டிராஃபிக்கில் ஊர்ந்து அன்று சாயங்காலமே வந்து நின்றாள். விளக்கு வைத்த நேரத்தில் அவள் போட்ட சண்டை மூன்று மாடிக்கும் கேட்டது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். வெங்கடராமன் அசையவில்லை.

"காலம் பூரா சர்வீஸ் போட்டிருக்கேன். முறைப்படி டிஸ்பென்சரில ரெஃபரல் லெட்டர் வாங்கிண்டு போனா எல்லாம் அவாளே பாத்துப்பா. அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"எதுக்கா? அம்மாவுக்கு ரத்தம் போறதுப்பா, அதனாலதான்."

"மெதுவாப் பேசு."

கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கக் கூடாது. மகள் படிப்புக்கு வீட்டையே அடகு வைத்த மனுஷன். ரெஃபரல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்கு டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுவது மாதிரி. அவருடைய ஆவி பிரிந்தால்கூட, மேலே போவதற்கு டிஸ்பென்சரி கையெழுத்துக்காக வாசலில் நிற்கும். மாதங்கியும் அவர் பக்கமே பேசினாள். இத்தனை நாள் இருந்தாயிற்று, இன்னும் ஒரு வாரத்தில் என்ன என்றாள்.

அந்த வாரம்தான் டாக்டர் கிருஷ்ணபிரசாத்துக்கு மாற்றல் வந்தது. நாற்காலி காலி. எப்போதாவது தலைகாட்டுகிற மாற்று டாக்டர் பழைய மாத்திரைகளையே திரும்ப எழுதுவார். புதிதாக ரெஃபரல் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தார். வெங்கடராமன் ஒவ்வொரு முறையும் போய்ப் போய்த் திரும்பினார். வெயில் காலம் போயிற்று. பெருமாள் கோயிலுக்குப் போவதுபோல் சுபாஸ்ரீ சனிக்கிழமைதோறும் வந்து கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் அப்பாவைக் கேட்காமலே ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள். அதற்குள் புது டாக்டர் வந்துவிட்டார் என்று வெங்கடராமன் சந்தோஷமாக ஓடிவந்து சொன்னார்.

டாக்டர் அஸ்வினி சின்னப் பெண். வந்த அன்றே மேஜையில் குவிந்த கார்டுகளைப் பார்த்து, ஆட்கள் எங்கே என்று கேட்டிருக்கிறாள். இனிமேல் வியாதிக்காரர் நேரில் வந்தால்தான் மருந்து என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினாள். மல்காஜ்கிரிப் பெண்கள் டிஸ்பென்சரியை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சிலர் தங்கள் வியாதி என்ன என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

மாதங்கி முறை வந்தபோது டாக்டர் எழுந்துவந்து கதவை மூடப் பார்த்தாள். கதவு மறுத்தது. ஆண்டனியும் நானும் இன்னும் சிலரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். கீல் போட்ட கூச்சலில் செகந்திராபாத் ஸ்டேஷனில் இரண்டு வண்டிகள் பதில் குரல் கொடுத்தன. கதவு மூடிற்று. உள்ளே மாதங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

வெளியே வந்தபோது கையில் ரெஃபரல் லெட்டர் இருந்தது. டாக்டரே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி மறுநாளைக்கு ஏற்பாடு செய்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னாள் என்று என் மனைவி கேட்டாள்.

"முதல் சொட்டு பட்ட அன்னிக்கே வந்திருக்கணும்னா. நின்னு போனப்புறம் ஒரு பொட்டு பட்டாலும் காட்டணுமாம். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காதாம் மன்னி. பாத்தாத்தான் தெரியுமாம்."

அந்த முக்காவாசியில் இவளும் இருப்பாள் என்று அன்று ராத்திரி மூன்று வீட்டிலும் பேசிக்கொண்டோம்.

இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷன் பண்ணிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்பதுபோல் முதலில் பேசினார்கள். அப்புறம் உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆபரேஷன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பெரிய டாக்டர் சுபாஸ்ரீயைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். மாதங்கி நடுவில் புகுந்து தெலுங்கில் கேட்டாள், சங்கராந்திக்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர் பேனாவை மூடினார். இப்போது என்ன செய்யலாம் என்று பார்க்கலாம் அம்மா என்றார்.

"அப்போ சரியாப் போயிருக்கும்," என்று மாதங்கி தமிழில் எங்களிடம் மொழிபெயர்த்தாள்.

வெங்கடராமன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து ஏற்றினார்கள். அது நோயைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது, நோய் கேட்கவில்லை. முடி போயிற்று, நாக்கு செத்துப்போயிற்று. நான் தினமும் போய் உட்கார்ந்து கதை சொன்னேன். பாம்பைப் பதினைந்தடி ஆக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்குக் கேட்கவில்லை. இருபதடி ஆக்கிவிட்டு, அதற்கு மேல் சொல்லப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மழை முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மாத்திரை. அது தீர்ந்தபோது டிஸ்பென்சரியில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. நான் போய் டாக்டர் அஸ்வினியிடம் நிலைமையைச் சொல்லி வாங்கி வருகிறேன் என்றேன். வெங்கடராமன் கேட்கவில்லை. வியாதிக்காரர் நேரில் வரணும்னு போட்டிருக்கா, ரூல்னா ரூல் என்றார். சுபாஸ்ரீ என்னைப் பார்த்தாள். அவருடைய கண்ணைப் பார்த்தபோது, அதில் நியாயம் பேச இடமில்லை என்று தெரிந்தது. மாதங்கியே, போய்ட்டு வந்துடறேனே என்றாள்.

அவளால் உட்கார முடியவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்தோம். ஆட்டோக்காரன் பார்த்துவிட்டு, நக்கோ சாப், வேண்டாம், அம்மாவை இப்படி அலைக்காதீங்க என்று அவன் பாஷையில் சொன்னான். வழியெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் அவன்தான் முனகினான்.

டிஸ்பென்சரி வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். நான் உள்ளே போய்ச் சொன்னதும் டாக்டர் அஸ்வினி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தாள். இப்படி ஒரு நிலையில் அழைத்து வருவார்களா, போன் பண்ணினால் நானே வந்திருப்பேனே என்று எங்களைத் திட்டினாள். ஆட்டோவுக்குள் பாதி ஏறி மாதங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

பதில் வெங்கடராமனிடமிருந்து வந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரத்தம் போறது டாக்டர். சங்கராந்திலேர்ந்து போறது. கர்ப்பப்பைலேர்ந்து."

பெஞ்சில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரியும் சார்," என்றாள் டாக்டர்.

மாதங்கி கண்ணைத் திறந்தாள். "மெதுவாச் சொல்லுங்கோ," என்றாள். "எல்லாரும் இருக்கா."

அவர் மெதுவாகச் சொல்லவில்லை. தமிழில் சொன்னது டாக்டருக்குப் புரிந்திருக்காதோ என்று நினைத்தவர்போல், தெலுங்கில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.