நில் என்று தூக்கிய கை

இன்னாசி கையைத் தூக்கியது வண்டியை நிறுத்துவதற்குத்தான். அதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் வந்தது அவருடைய கைக்கு.

ஈஸ்டர் என்கிற பாஸ்கு பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸ் சரக்கு யார்டில், கிள்ளானிலிருந்து வந்த அன்னாசிப்பழ வேகனைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது கன்னையா ஓட்டிய இன்ஜின். தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு கட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் யார்டு மாஸ்டர் சிற்றம்பலத்தாரின் புத்தம் புதுச் சைக்கிள். அந்த யார்டில் பகலில் கொடி பிடிப்பதில்லை, கைதான் சட்டம். தூக்கிய கை ஆடாமல் நின்றால் ‘நில்’. ஆடினால் ‘வா’. பதினாறு வருஷமாக இன்னாசியின் கை நின்ற இடத்தில் இன்ஜின் நின்றது.

அன்றைக்குத் தூக்கிய கை மணிக்கட்டோடு மடிந்து விழுந்தது. தானாக எழுந்தது. மறுபடி விழுந்தது. மழையில் நனைந்த கோழி சிறகை உதறுமே, அந்த மாதிரி. தூரத்திலிருந்து பார்த்த கன்னையாவுக்கு அது கல்யாண வீட்டு வாசலில் நின்று ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுவதுபோல் இருந்திருக்கிறது. கூப்பிட்ட மரியாதைக்கு வந்தான்.

தடுப்பு முறிந்து, சைக்கிள் அப்பளமாகி, வேகன் கதவு திறந்து அன்னாசிப்பழம் அத்தனையும் யார்டு முழுக்க உருண்டது. கால் மணி நேரத்தில் பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்து சேர்ந்தார்கள். அன்று மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் அன்னாசிப் பச்சடி இல்லாத வீடு இன்னாசியின் வீடு ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் அவருக்கு ‘அன்னாசி இன்னாசி’ என்று பட்டப்பெயரும் வந்துவிட்டது.

“நான் நில்லுன்னுதானேடா கையக் காட்டினேன்!” என்றார் இன்னாசி.

“எங்கண்ணே நில்லுன்னீங்க? இன்னும் வா, இன்னும் வான்னுதான் ஆட்டினீங்க லா. நான்கூட, அண்ணனுக்கு என்ன இவ்ளோ ஆசைன்னு நெனச்சேன்” என்ற கன்னையா, கிட்டே வந்து மூக்கை லேசாக உறிஞ்சினான். மோப்பம் பிடிக்கிறான். இன்னாசி அதைப் பார்த்துவிட்டார்.

அதுதான் வேகன் மோதியதைவிடப் பலமாக மோதியது. ஏனென்றால் இன்னாசி கள்ளைத் தொட்டவரில்லை. தொடாததோடு நின்றிருந்தால் பரவாயில்லை, தொட்டவர்களை நிம்மதியாக விட்டதும் இல்லை. பதினொரு வருஷமாக மதுவிலக்குச் சபைக் காரியதரிசி. கூட்டம் தவறாமல் மேடையில் குடிகாரன் மாதிரி நடந்து காட்டுவார். குழறிப் பேசிக் காட்டுவார். அந்த நடையைப் பார்க்கக் கள்ளுக்கடையிலிருந்தே ஆள் வரும். ஒருமுறை ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அய்யாவு குடித்துவிட்டு மருந்து கலக்குகிற மாதிரி நடித்துக் காட்டி, முன்வரிசையில் இருந்த அய்யாவு எழுந்து போகும்வரை விடவில்லை. அப்படிப்பட்ட நடிகர் இப்போது நடிக்காமலே நடந்துகொண்டிருந்தார்.

ஊரும் சும்மா இல்லை. நத்தார் என்கிற கிறிஸ்மஸிலிருந்தே இன்னாசிக்கு நாக்குத் தடித்திருந்தது. பகலெல்லாம் தூங்கி வழிந்தார். பாஸ்குவுக்கு முந்தின நோன்பான தபசுகாலம் நாற்பது நாளும் பளிச்சென்று இருந்தார். பாஸ்கு முடிந்ததும் மறுபடியும் தள்ளாட்டம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? தபசுகாலத்துக்கு மட்டும் கள்ளை விட்டிருக்கிறான், பண்டிகை வந்ததும் பிடித்துக்கொண்டான். அப்பழுக்கு இல்லாத நியாயம். கேட்கக் கேட்க, தனக்கே தெரியாமல் எங்கேயாவது குடித்துத் தொலைக்கிறோமோ என்று இன்னாசிக்கே ஒரு நடுக்கம் வந்தது.

யார்டு மாஸ்டர் சிற்றம்பலத்தார் யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்திலும் குரல் உயராது. மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

“காணும் இன்னாசி, உமக்கு ஒரு நன்மை செய்யப் பாக்கிறன். குடிச்சிருந்தன் எண்டு ஒரு வரி எழுதித் தாரும். முதல் தரம் எண்டபடியா தண்டனையோட விட்டுடுவினம். எழுதாட்டி, காரணமில்லாத கவனக்குறைவு. வேலையும் போகும், குவாட்டர்ஸும் போகும்.”

“குடிக்கலீங்களே.”

“அதை விடும். எழுதும்.”

“ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் குடிச்சேன்னு நீங்க நெனைக்கிறீங்களா, இல்லையா?”

சிற்றம்பலத்தார் ஜன்னல் வழியே சைக்கிளின் மிச்சத்தைப் பார்த்தார். “எழுதும் காணும்.”

இன்னாசி பேனாவை எடுத்தார். ‘நான் குடிக்கவில்லை’ என்று அழுத்தி எழுதினார். வீரமாகத்தான் எழுதினார். ஆனால் எழுத்து நாலா பக்கமும் சாய்ந்தது. ‘கு’ தன் சுழியைத் தொலைத்தது. வரி மேலே ஏறிப்போய்த் தாளின் மூலையில் முட்டி நின்றது. வேகனுக்கு ஆனது வரிக்கும் ஆகிவிட்டது.

சிற்றம்பலத்தார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை மேல அனுப்பினா வேற சாட்சியே தேவையில்லை.”

“அனுப்புங்க. குடிச்சேன்னு அழகா எழுதறதுக்குக் குடிக்கலைன்னு கோணலா எழுதறது மேல்.”

“சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் வைச்சிருக்கிறன். அதுக்குள்ள டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாரும்” என்றார் அவர். அதற்குமேல் நல்லவராக இருக்க அவருக்கும் வழியில்லை.

வீட்டில் மனைவி மகதலேனா சூப்போடு காத்திருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இன்னாசிக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரிய விஷயமாகப் போனது. ஈரல் பலவீனம் என்று அப்போது யாரோ சொன்னதை மகதலேனா மறக்கவே இல்லை. கணவன் கொஞ்சம் சோர்ந்தாலும் பாசாருக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கிவிடுவாள். ஈரல் கெட்டவனுக்கு ஈரலைத்தானே கொடுக்க வேண்டும்? தபசுகாலத்தில் மட்டும் கறி வீட்டுக்குள் வராது. அது அவள் நேர்ச்சை. நாற்பது நாள் பாக்கியைப் பாஸ்கு ஞாயிற்றிலிருந்து வட்டியோடு தீர்ப்பாள். ஞாயிறு கறிக்குழம்பு, திங்கள் ஈரல் வறுவல், செவ்வாய் விடிந்ததும் சூப்பு.

“மதலேன், எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?”

“சூப்பக் குடிங்க, ஆறிடும்.”

“பதில் சொல்லு.”

“மாதா பாத்துக்குவா. எலும்புல ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதையும் உறிஞ்சுங்க.”

உறிஞ்சினார். புதன்கிழமை சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வீட்டு வீரம்மாளைப் பார்த்து “கோப்பி எங்கே?” என்று அதட்டினார். அந்த மகராசி பயந்துபோய்க் கொடுத்தும்விட்டாள். வியாழக்கிழமை கோயிலில் சிலுவை அடையாளம் போடப்போய், நெற்றியில் ஆரம்பித்த கை வழிதெரியாமல் அலைந்து காதில் போய் ஆமென் சொன்னது. பின்வரிசையில் சிரிப்பு. “எனக்கு என்ன சாமி ஆச்சு?” என்று சுவாமியாரைக் கேட்டார். “சர்வேசுரன் சித்தம்” என்றார் அவர். சர்வேசுரன் சித்தம் என்னவென்றுதானே கேட்டார் இன்னாசி?

தெருவில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற பேச்சு அடிபட்டது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி இல்லை. சனிக்கிழமை காலை கண் விழித்தபோது தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. எந்தச் சட்டை, எந்தப் பக்கம் என்பதெல்லாம் சரியாக விளங்கியது. “வா, போவோம். இன்னைக்குத் தலை என் பக்கம் இருக்கு” என்று மகதலேனாவைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றவர், வேறு யார், அய்யாவு. இன்னாசியைப் பார்த்ததும் அய்யாவுவின் மீசை ஒருமுறை ஏறி இறங்கியது.

துரை கண்ணை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். வாயை ஊதச் சொல்லி முகர்ந்தார். முகத்தைச் சுளிக்காமல் இன்னொரு தடவையும் முகர்ந்தார். பிறகு என்னவோ சொன்னார்.

“ரயில நிறுத்தற மாதிரி ரெண்டு கையையும் நீட்டணுமாம்” என்றார் அய்யாவு.

இன்னாசி நிமிர்ந்து நின்றார். இது அவர் தொழில். கை இரண்டையும் நீட்டி, உள்ளங்கையை விறைப்பாக நிமிர்த்தினார். துரை, அய்யாவு, மகதலேனா மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கை இரண்டும் மடிந்து விழுந்தன. எழுந்தன. விழுந்தன. நிறுத்த முடியாமல் பல்லைக் கடித்தபடி இன்னாசி சொன்னார்: “பாருங்க. நான் ஆட்டல. அதுவா ஆடுது.”

எப்போது நன்றாக இருக்கிறது, எப்போது மோசம் என்று துரை கேட்டார். மகதலேனா முந்திக்கொண்டாள். “தபசுகாலத்துல நல்லா இருந்தாருங்க. வெள்ளிக்கிழமையானா கொஞ்சம் தெளிவு. எல்லாம் செபம்தான்.”

அய்யாவு அதைச் சொன்னதும் துரையின் கை தாளில் நின்றுவிட்டது. “அந்த நாள்ல என்ன சாப்பிடுவாரு?” என்று அய்யாவு வழியாகக் கேட்டார்.

“கறியே கிடையாதுங்க. பருப்பு, கீரை, சோறு.”

அதன்பிறகு துரை பேசினார். ஐந்து நிமிஷம் இருக்கும். தலையைத் தொட்டுக் காட்டினார், வலது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார், நடுவில் நாய் என்றுகூட ஒரு வார்த்தை வந்தது. இன்னாசிக்கு அந்த அளவு இங்கிலீஷ் உண்டு. கடைசியாக ஒரு தாளில் எழுதி அய்யாவுவிடம் நீட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அய்யாவு தொண்டையைச் செருமினார். “ரெஸ்ட் எடுக்கணுமாம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“தொரை அஞ்சு நிமிசம் பேசினாரு. நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. மீதி எங்க?”

“பெரியவரே, வெளியில லைன் நிக்குது.”

“நிக்கட்டும்” என்று இன்னாசி பெஞ்சில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நிறுத்தி வைக்கிறதுதான் என் தொழில். யார்டு மாஸ்டரக் கேட்டேன், சன்னலப் பாத்தாரு. சாமியாரக் கேட்டேன், வானத்தப் பாத்தாரு. இவளக் கேட்டேன், சூப்பக் காட்டினா. அந்த நாய் யாருன்னு தெரியாம இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்.”

பியூன் வந்து தோளைத் தொட்டான். இன்னாசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை ஆடவில்லை. பிடிவாதத்துக்கு மட்டும் அது ஒத்துழைத்தது.

“மேடையில என்ன வெச்சுச் சிரிச்சீங்களே” என்றார் அய்யாவு, மெதுவாக. “அப்ப என்னைக் கேட்டீங்களா, அய்யாவு, நீ குடிச்சிட்டுத்தான் மருந்து கலக்கறியான்னு? ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

இன்னாசிக்குச் செவ்வாய்க்கிழமை கன்னையா உறிஞ்சிய மூக்கு ஞாபகம் வந்தது.

“கேக்கல” என்றார். “பாத்த ஒடனே முடிவு கட்டினேன். தப்பு. இப்ப ஊரே என்னை அப்படிப் பாக்குது, ஒறைக்குது. அடுத்த கூட்டத்துல அதே மேடையில சொல்றேன். நடந்து காட்டறதுதான் முடியாது. நடந்தா நெசம்னு நெனச்சிடுவாங்க.”

அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “நான் குடிப்பேன்தான். ஆனா வேலை முடிஞ்சப்புறம். பாருங்க கூத்த, என் ஈரல் கல்லாட்டம் இருக்கு.”

“என்னுது?”

அய்யாவு மகதலேனாவைப் பார்த்தார்.

“நான் வெளிய போக மாட்டேன்” என்றாள் அவள். “சொல்லுங்க.”

அய்யாவு பியூனைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஈரல் கெட்டுப் போச்சு. அந்தக் காமாலையில ஆரம்பிச்சிருக்கும்னு தொரை சொல்றாரு. நாம திங்கறதுல ஊறுற வெசமெல்லாம் ரத்தத்துல ஈரலுக்கு வந்து, அங்க சுத்தமாகி, அப்புறம்தான் மேல போகணும். ஒங்களுக்கு அது நிக்காம தலைக்குப் போகுது.”

“யார்டு அடைச்சுக்கிச்சு. பாக்காம மெயின் லைன்ல விட்டுடறாங்க.”

“அதேதான். மூளை மயங்குது, தூக்கம் மாறுது, கை விழுது. கறி தின்னா வெசம் கூடும். எங்கயோ ஒரு தேசத்துல நாய்க்கு ஈரலுக்குப் போற ரத்தத்த வேற பக்கம் திருப்பிவிட்டு எறைச்சி போட்டாங்களாம். அதுக்கும் இப்படித்தான் ஆச்சாம்.”

மகதலேனாவின் முகம் வெளுத்தது. “அப்போ நானா? தினம் தினம் நானா ஊட்டினேன்?”

“நீ ஊட்டினது சூப்பு” என்றார் இன்னாசி வெடுக்கென்று. “ருசியா இருந்துச்சு. வெசம்னு எவனாவது சொன்னா அவன் நாக்கத்தான் ஆஸ்பத்திரியில காட்டணும். அழாத. நாப்பது நாள் என்னை மனுசனா வெச்சிருந்ததும் நீதானே?” அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோளில் கைவைத்தார். கை அங்கேயும் இரண்டு தரம் தட்டியது. தட்டிக்கொடுப்பதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அய்யாவுவைப் பார்த்தார். “இப்ப நான் ஒண்ணொண்ணா கேப்பேன். சுத்தி வளைக்காம சொல்லணும். எனக்குப் பைத்தியமா?”

“இல்ல.”

“குடியா?”

“இல்ல. கள்ளு வாடையே இல்லைன்னு தொரை எழுதியிருக்காரு. கையெழுத்தும் போட்டிருக்காரு.” தாளை இன்னாசியின் மடியில் வைத்தார்.

“சிற்றம்பலத்தாருக்கு இது போதும். கை திரும்பி வருமா?”

“நம்பாதீங்க. கறிய விட்டா தலை தெளியும். ஆனா இனிமே ரயில நிறுத்த நிக்காதீங்க. வெளக்குத் தொடைங்க, பேப்பர் தூக்குங்க, ஒக்காந்து பாக்கற வேலை கேளுங்க.”

“ஈரல் திரும்பி வருமா?”

“வராது.”

இன்னாசி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் சரியாக உள்ளே போனது.

“அப்போ நான் சாகப்போறேனா, டிரெஸ்ஸர்?”

அய்யாவு இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, மகதலேனாவைக்கூடப் பார்க்கவில்லை.

“ஆமா. இதுலதான் சாவீங்க. கறி தின்னா இந்த வருசமே. வருசம் பூரா தபசுகாலமா இருந்தா அஞ்சு வருசம், ஆறு வருசம்கூட ஓடலாம். அதுவரைக்கும் எவனாவது ஒங்களக் குடிகாரன்னு சொன்னா, அவன எங்கிட்ட அனுப்புங்க. நான் சொல்றேன்.”